குளம்பு அழுகலுக்கு எந்த ஊசி: தினமுமா, ஒரே தடவையா?

ஐப்பசி மழையில் கரிசல் மண் கொழகொழத்தால் போதும், எங்கள் பொட்டு ஆடுகளில் (செம்மறி ரகம்) ஐந்தாறாவது நொண்ட ஆரம்பித்துவிடும். முன்னங்காலை மடக்கி முட்டி போட்டு மேயும். குளம்பிடுக்கை விரித்துப் பார்த்தால் தோல் வெளுத்துப் பிசுபிசுக்கும், நாற்றம் குடலைப் பிடுங்கும். போன மழைக்கு டாக்டர் இரண்டு வழி சொன்னார். சாதாரண ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி நான்கைந்து நாள், அல்லது அதே மருந்தில் 'எல்.ஏ.' என்கிற, உடம்பில் நின்று வேலை செய்யும் ரகம் ஒரே தடவை. நான் எல்.ஏ. பக்கம்.

எல்.ஏ. பாட்டில் விலை கூடத்தான். ஆனால் 25 கிலோ ஆட்டுக்கு எனக்குச் சொன்ன அளவு இரண்டரை மில்லி, ஒரே தடவை. சாதாரண மருந்து தினம் 5 மில்லி. கணக்குப் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை.

பெரும்பாடு ஆட்டைப் பிடிப்பதில்தான். முதல் நாள் நொண்டிக்கொண்டு பேசாமல் நிற்கும். இரண்டு ஊசியில் கால் தேறிவிடும். மூன்றாம் நாள் என் தலையைக் கண்டதும் மந்தை நடுவில் போய்ப் பதுங்கும். விடியற்காலைச் சேற்றில் துரத்தினால் சினை ஆடுகள் நெரிபடும். 'அதுதான் நொண்டவில்லையே' என்று நாமும் விட்டுவிடுவோம். அப்படி விட்ட மூன்று ஆடுகள் பத்தே நாளில் மறுபடி காலைத் தூக்கின. எல்.ஏ. ஏறக்குறைய மூன்று நாள் தாங்கும். நான்காம் நாள் புரட்டிப் போட்டு குளம்பைப் பார்த்தால் சரி. அழுகும்போது செதுக்காதீர்கள், புண் ஆறுவது தள்ளிப்போகும்.

அதிலும் குறை உண்டு. ஊசி போட்ட இடம் வலித்து வீங்கும். அதனால் தொடையை விட்டுக் கழுத்தில் போடச் சொல்கிறேன். அப்புறம், கறிக்கு விற்கக் காத்திருக்க வேண்டிய நாட்களும் அதிகம். சில பாட்டில்களில் 28 நாள் என்றே போட்டிருக்கும். அதற்குள் எட்டயபுரம் சந்தைக்குப் போக வேண்டிய கிடாய் என்றால் தினசரி ஊசியைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அதற்கும் காத்திருப்பு உண்டு, பெரும்பாலும் குறைவு. வெள்ளாட்டில் நான் எல்.ஏ. போட்டது இரண்டே இரண்டுக்கு. ஆறின, ஆனால் அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

எந்த ஊசியானாலும் பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ ஜிங்க் சல்பேட் கரைத்து மந்தை முழுவதையும் அதில் நிறுத்தி எடுக்கிறேன். மயில்துத்தம் வேண்டாம், செம்மறி அதைக் குடித்துவிட்டால் ஆபத்து. ஊசி போட்ட தேதியைக் கொட்டகைக் கதவில் கரித்துண்டால் எழுதிவிடுவேன். வியாபாரி வந்து நின்றால் முதலில் கதவைத்தான் பார்ப்பது.