ஜாங்கோவா, லாராவெல்லா: இரண்டையும் கட்டி மேய்த்தவன் கணக்கு

2019 கடைசியில் அடுத்தடுத்து இரண்டு வேலை கைக்கு வந்தன. ஒன்று திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட்டுக்கு: நூல் எவ்வளவு வந்தது, துணியாக எவ்வளவு போனது, எந்த சலானுக்கு எந்தப் பில் என்று கணக்கு வைக்கும் மென்பொருள். இன்னொன்று ஒரு டியூஷன் சென்டருக்கு ஃபீஸ் ரசீது போடும் தளம். முதலாவதை ஜாங்கோ 2.2-இல் எழுதினேன், அது பைத்தான் மொழியில் வலைத்தளம் கட்டும் ஃபிரேம்வொர்க். இரண்டாவது லாராவெல் 6, அது பிஎச்பி மொழியில் அதே வேலைக்கானது. டியூஷன் சென்டரிடம் ஏற்கெனவே சிபேனல் வைத்த ஷேர்டு ஹோஸ்டிங் (பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும், பிஎச்பி சுலபமாக ஓடும் வாடகை இடம்) இருந்தது, புதிதாக சர்வருக்குக் காசு தர மாட்டோம் என்றார்கள், அவ்வளவுதான் காரணம். இரண்டும் இன்னும் ஓடுகின்றன, இரண்டையும் நான் ஒருவன்தான் பார்க்கிறேன். யாராவது கேட்டால் ஜாங்கோ என்றுதான் சொல்வேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எது வேகம் என்ற சண்டை வேண்டாம். இந்த அளவு தளம் மெதுவாக இருந்தால் எங்கோ இண்டெக்ஸ் போடாத டேபிள் இருக்கிறது என்று அர்த்தம். மைக்ரேஷன் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றுவது), ஓஆர்எம் (டேட்டாபேஸைக் கோடு வழியாகவே கையாள்வது), டெம்ப்ளேட் எல்லாம் இரண்டிலும் நன்றாகவே இருக்கின்றன. பைத்தானா பிஎச்பியா என்பது அவரவர் ருசி.

அட்மின் பக்கத்தில், அதாவது உள்ளே உட்கார்ந்து விவரங்களைச் சேர்த்துத் திருத்தும் இடத்தில், ஜாங்கோவின் கை ஓங்குகிறது. ஜாங்கோ 2003-இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் நாளிதழ் அலுவலகத்தில் பிறந்தது, செய்தி ஆட்களே உட்கார்ந்து விவரம் ஏற்ற வேண்டிய இடம். மாடலை (என்னென்ன விவரம் வைக்கப்போகிறோம் என்ற வரையறை) எழுதி ரிஜிஸ்டர் செய்தால் பட்டியல், தேடல், திருத்தும் படிவம் எல்லாம் வந்துவிடும். யூனிட் முதலாளி இன்றும் அதில்தான் பார்ட்டி பெயர்களைச் சேர்க்கிறார். டியூஷன் தளத்துக்கு அதே மாதிரி பக்கங்களைக் கையால் எழுத எனக்கு ஒரு வாரம் போனது. லாராவெல்லின் அட்மின் கருவியான நோவாவுக்குக் காசு கட்ட வேண்டும். இப்போது இலவசமாக ஃபிலமென்ட் இருக்கிறது.

சரி, எனக்கு முடிவைத் தந்தது இதெல்லாம் இல்லை, வெர்ஷன் ஏற்றும் வேலை. தளத்தை எழுதும்போது வாடிக்கையாளர் காசு தருவார், வெர்ஷன் ஏற்றத் தர மாட்டார். "ஓடுற வண்டிக்கு எதுக்குங்க செலவு?" என்பார். ஆக அது நம் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போகிறது.

ஜாங்கோவில் இரண்டு வருடத்துக்கு ஒரு எல்டிஎஸ் (நீண்ட நாள் ஆதரவு) வெர்ஷன், ஒவ்வொன்றுக்கும் மூன்று வருடம் பாதுகாப்புத் திருத்தம். அதாவது அடுத்தது வந்த பிறகும் ஒரு வருடம் அவகாசம். 2.2-இலிருந்து 3.2, பிறகு 4.2, இப்போது 5.2 என்று வந்திருக்கிறேன். ஒன்றை நீக்கப்போகிறார்கள் என்றால் குறைந்தது இரண்டு வெளியீடுகளுக்கு முன்பிருந்தே எச்சரிக்கை வரும். எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லி டெஸ்ட்டை ஓட்டினால் எந்த ஃபைலில் எந்த வரி என்று சொல்லிவிடும், டீ குடித்துக்கொண்டே திருத்தலாம். 4.2-க்குப் போனபோது ஒரே ஒரு இடத்தில் மாட்டினேன்: என்ஜின்எக்ஸ் என்ற முன்வாசல் மென்பொருளுக்குப் பின்னால் ஓடிய சர்வரில் லாகின் செய்தால் 403, அதாவது அனுமதி இல்லை. 4.0-இலிருந்து ஆரிஜின் ஹெடரையும் (கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்ற குறிப்பு) சரிபார்க்கிறார்கள், என் செட்டிங் அரைகுறை. அரை மணி நேரம்.

லாராவெல்லில் 6-தான் கடைசி எல்டிஎஸ், அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் 2022 செப்டம்பர் வரை. இப்போது வருடத்துக்கு ஒரு பெரிய வெர்ஷன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருடம் பாதுகாப்பு. நான் கடைசி மாதம் வரை தூங்கிவிட்டு 6-இலிருந்து 9-க்கு ஒரே மூச்சில் ஏறினேன். வழியில் மாடல் ஃபேக்டரி (டெஸ்ட்டுக்குப் போலி டேட்டா உருவாக்குவது) முறை மாறியிருந்தது, மெயில் அனுப்பும் ஸ்விஃப்ட்மெயிலர் போய் சிம்ஃபனி மெயிலர் வந்திருந்தது, பிஎச்பி 8 கட்டாயம். எனக்கு வலித்தது ஃபைல்களைக் கையாளும் ஃப்ளைசிஸ்டம். இல்லாத ஃபைலைக் கேட்டால் முன்பு எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) வரும், அதைப் பிடித்து ரசீதைப் புதிதாக உருவாக்கும்படி எழுதியிருந்தேன். 9-இல் எக்செப்ஷன் இல்லை, வெறுமை சத்தமில்லாமல் திரும்பி வருகிறது. பெற்றோர்களுக்கு வெற்று ரசீது போயிருக்கிறது. இது லாராவெல்லின் வெர்ஷன் ஏற்றும் வழிகாட்டியிலேயே எழுதியிருந்த விஷயம், படிக்காதது என் தப்புதான். ஆனாலும் 8-இலிருந்து 9-க்கு 30 நிமிடம் ஆகும் என்று அந்த வழிகாட்டி மதிப்பு போட்டிருந்த வேலைக்கு இரண்டு ஞாயிறு போனது. டெஸ்ட் ஒழுங்காக எழுதி வருடா வருடம் ஏற்றுகிறவருக்கு இந்த வலி இருந்திருக்காது. என்னை மாதிரி தள்ளிப்போடுகிற ஆளுக்கு ஜாங்கோ இடம் கொடுக்கிறது.

லாராவெல்லுக்குச் சேர வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பின்னணி வேலைகளுக்கான க்யூ உள்ளேயே இருக்கிறது, டேட்டாபேஸை வைத்தே ஓட்டலாம். ஜாங்கோவில் நான் அதற்கு செலரியும் (வேலைகளை ஓட்டுவது) ரெடிஸும் (அவற்றை வரிசையில் வைத்திருப்பது) வைத்துத் தனியாக மல்லுக்கட்டுகிறேன், 6.0-இல் இதற்கென்றே டாஸ்க்ஸ் வந்திருக்கிறது, ஆனால் அதை ஓட்டும் வொர்க்கரை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். நான் ஊரில் இல்லாத நாளில் பிஎச்பி தெரிந்த பையன் ஒருவனைப் பிடிப்பதும் சுலபம். நான்கைந்து பேர் சேர்ந்து எழுதும் பெரிய தளத்தை இரண்டிலுமே நான் நடத்தியதில்லை, ஆகவே என் தீர்ப்பு தனி ஆளுக்கு மட்டும் செல்லும். லாராவெல் 11-இல் ஃபைல் அமைப்பைச் சுருக்கியதையும் புதிய ப்ராஜெக்ட்டில் வெறுமனே பார்த்ததோடு சரி.

டியூஷன் தளத்தை ஜாங்கோவுக்கு மாற்றுவீர்களா என்று ஒரு நண்பர் கேட்டார். மாட்டேன். இப்போது பிப்ரவரி வந்தால் காலண்டரில் ஒரு ஞாயிற்றை லாராவெல் வெர்ஷன் ஏற்றவென்று வட்டமிட்டு வைக்கிறேன்.