செவுள் வலையா, மீன் சக்கரமா?

கனடாவிலும் அலாஸ்காவிலும் ஓடும் யூகான் ஆற்றில் சால்மன் மீன் பிடிக்க இரண்டுமே உண்டு. கடலோரத்துப் பக்கம் யூபிக் பழங்குடி மக்களுக்கு வலைதான் வசதி. படகும் வலையும் இருந்தால் போதும், இடம் மாற்றுவதும் எளிது. ஆனால் வலைக்கண்ணியில் செவுள் சிக்கிய மீனை விடுவித்தாலும் பிழைப்பது அரிது. 2011 முதல் கண்ணியின் அளவு ஏழரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. முட்டை நிறைந்த பெரிய சினூக் (சால்மனில் ஒரு வகை) பெண்மீன்கள் தப்பட்டும் என்றுதான்.

ஆற்றின் மேல்பகுதியில், அதபாஸ்கன் பழங்குடியினரின் ஊர்களில் சக்கரம். ஆற்றின் இழுப்பிலேயே சுழன்று, கூடையால் மீனை அள்ளித் தொட்டியில் போடும். (இது ஆதிகாலத்துக் கருவி அல்ல, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிலிருந்து வந்தது.) செய்யப் பாடு அதிகம், மிதந்து வரும் மரம் மோதினால் உடையும். ஆனாலும் பக்கத்திலேயே ஆள் நின்றால் சினூக்கை உயிரோடு ஆற்றில் விட்டுவிட்டு, 'சம்' என்ற இன்னொரு வகை சால்மனை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மீன்வளம் குன்றிய காலத்தில் என் ஓட்டு சக்கரத்துக்கே.

சரி, சினூக்கைப் பிடிக்க இப்போது வலையும் கிடையாது, சக்கரமும் கிடையாது. 2024-இல் அலாஸ்காவும் கனடாவும் 7 ஆண்டுகளுக்கு, அதாவது அந்த மீனின் ஒரு வாழ்க்கைச் சுற்றுக்கு, அதைப் பிடிப்பதை நிறுத்த ஒப்புக்கொண்டன. மீனைப் புகையூட்டிப் பதப்படுத்தும் புகைக்குடில்கள் பலவும் காலியாகக் கிடக்கின்றன.