ஒளியிழையும் வெட்டவெளியும் இணைந்த குவாண்டம் திறவுகோல் சேவை: ஒரு மதிப்பீடு

பெய்ஜிங்–ஷாங்காய் ஒளியிழைத் தடத்தையும் மிசியஸ் செயற்கைக்கோளையும் பிணைத்துச் சீனா அமைத்துள்ள குவாண்டம் திறவுகோல் வலையமைப்பை (செய்திகளை மறையாக்கப் பயன்படும் இரகசிய பிட் வரிசையான திறவுகோலை, ஒளித்துகள்களின் குவாண்டம் நிலைகளைக் கொண்டு இருவருக்குப் பகிரும் அமைப்பு), 2021ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியான விவரங்களைக் கொண்டு, ஒரு சேவையாக இங்கே மதிப்பிடுகிறேன். 700க்கும் மேற்பட்ட ஒளியிழை இணைப்புகளும் இழையில்லாமல் செயற்கைக்கோளிலிருந்து தரைக்கு ஒளி இறங்கும் இரண்டு வெட்டவெளி இணைப்புகளும் சேர்ந்து, 4,600 கிலோமீட்டர் இடைவெளியில் இருப்பவர்களுக்கும் பொதுவான திறவுகோலை வழங்குகின்றன.

இரண்டு ஊடகங்களையும் சேர்த்தது மிகச் சரியான முடிவு. தரமான இழையிலும் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல் இழப்பு உண்டு என்பதால், 200 கிலோமீட்டர் தாண்டுவதற்குள் 10,000 ஒளித்துகள்களில் ஒன்றே மிஞ்சுகிறது. குவாண்டம் நிலையைப் படியெடுக்க முடியாது என்ற விதி இருப்பதால், வழியில் பெருக்கி வைத்து அதை ஈடுசெய்யவும் வழியில்லை. வானிலிருந்து இறங்கும் ஒளியோ பெரும்பகுதித் தொலைவை வெற்றிடத்திலேயே கடந்துவிடுகிறது. அடர்ந்த காற்று ஏறத்தாழ 10 கிலோமீட்டர்தான். அந்த இணைப்பில் நொடிக்குச் சராசரியாக 47.8 கிலோபிட் திறவுகோல் கிடைத்திருப்பது உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. ஆனால் செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் சில நிமிடங்களுக்கு மட்டுமே, அதுவும் மேகமற்ற இரவில் மட்டுமே, இந்த வேகம் கிடைக்கும் என்பதால், திறவுகோல்களைச் சேமித்து வைத்துத்தான் பகலில் செலவிட வேண்டும்.

என் முக்கியமான குறை இணைப்புகள் சந்திக்கும் இடத்தைப் பற்றியது. விண்ணிலிருந்து வந்த திறவுகோல் தரைநிலையத்தில் சாதாரண பிட்டுகளாக மாறி, அங்கே இழைவழித் திறவுகோலால் மறையாக்கப்பட்டு, அடுத்த நிலையத்துக்குக் கைமாறுகிறது. ஒட்டுக்கேட்டால் தடயம் தெரியும் என்ற, இயற்பியல் தரும் காவல் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் (இணைப்புக்குள்ளும்) இருக்கிறதே தவிர, கண்ணிகள் கூடும் அறைக்குள் இல்லை. பெய்ஜிங்–ஷாங்காய்த் தடத்தில் மட்டும் திறவுகோலைப் பார்க்க முடிவதால் நாம் நம்பியே ஆக வேண்டிய இத்தகைய நம்பக நிலையங்கள் 32 உள்ளன. செயற்கைக்கோளும் அவ்வாறே நம்ப வேண்டிய ஓர் இடைத்தரகர்தான். எனவே, எல்லா நிலையங்களும் ஒரே நிறுவனத்தின் காவலில் இருக்கும் வங்கிக்கோ அரசுத் துறைக்கோ இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இடைநிலையங்களைப் பிறர் நடத்துவதாயிருந்தால் பரிந்துரைக்க மாட்டேன்.

இடைத்தரகரை நம்பாமலே திறவுகோல் பெறும் வழியும் இதே செயற்கைக்கோளில் சோதிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு, பின்னிப்பிணைந்த ஒளித்துகள் இணைகளை (அளவீட்டு முடிவுகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருக்கும் இரட்டைத் துகள்களை) 1,120 கிலோமீட்டர் இடைவெளியிலுள்ள இரு தரைநிலையங்களுக்கு அனுப்பியபோது கிடைத்த வேகம் நொடிக்கு 0.12 பிட் மட்டுமே. அதாவது, 256 பிட் திறவுகோல் ஒன்றைச் சேர்க்கவே அரை மணி நேரத்துக்கு மேல் இணைப்பு நீடிக்க வேண்டும்.