ஐந்து நவராத்திரி சுற்றிய ராட்டினம்

லெகோ என்னும் ஒன்றோடொன்று பொருத்தும் விளையாட்டுக் கட்டைகளின் பெட்டியைப் பிரித்த வாரமே அனுபவம் எழுதிவிடுகிறவர்கள் நிறையப் பேர். நான் ஐந்து கொலு முடித்துவிட்டு எழுதுகிறேன். சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கொலுப் படிகளுக்குக் கீழே, கேழ்வரகு முளைவிட்ட பூங்காவின் நடுவில், அந்தக் கட்டைகளால் செய்த ராட்டினம் ஒன்று மாலை ஆறு மணிக்குச் சுற்றத் தொடங்கி ஒன்பது மணிக்கு நிற்கும். கட்டைகள் மகனுக்காக வாங்கியவை. அவன் கையில் கிரிக்கெட் மட்டை ஏறியதும் அவை எனக்குச் சொந்தமாயின.

கட்டுவதற்கு இரண்டு மாலை போதும். பன்னிரண்டு தொட்டில்கள், இரண்டு பக்கமும் முக்கோணத் தாங்கல், நடுவில் ஓர் அச்சு. கட்டி முடித்ததும் நானும் எல்லோரையும் போலப் படம் எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினேன். கொலுவின் முதல் நாளே மானம் போனது. லெகோவின் பழைய மோட்டார் வரிசையான பவர் ஃபங்ஷன்ஸில் வந்த நடுத்தர மோட்டார் சுமையில்லாமல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 சுற்று சுற்றும். 8 பல் சக்கரத்தால் 40 பல் சக்கரத்தைச் சுற்றினால் வேகம் ஐந்தில் ஒன்றாகக் குறையும் என்று கணக்குப் போட்டிருந்தேன், குறைந்தது. ஆனால் நிமிடத்துக்கு 80 சுற்று என்பது ராட்டினமல்ல, மேசை விசிறி. பொம்மைகள் தொட்டிலை விட்டுப் பறந்து அஷ்டலட்சுமிகள் மேல் விழுந்தன. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இரண்டாம் ஆண்டு, மோட்டாரிலிருந்து வரும் அச்சில், திருகாணி போல மரை சுற்றிய திருகுப் பற்சக்கரம் போட்டேன். அது ஒரு முறை சுற்றினால் எதிரே உள்ள சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். எதிரே 24 பல், அதற்கடுத்து 8-க்கு 40. இருபத்து நான்கை ஐந்தால் பெருக்கினால் 120. நானூறை நூற்று இருபதால் வகுத்தால் நிமிடத்துக்கு மூன்றே காலுக்குச் சற்று மேல். ராட்டினம் ராட்டினமாகியது. இந்தச் சக்கரங்களில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: பற்களின் எண்ணிக்கையில் பாதிதான் மில்லிமீட்டரில் அதன் ஆரம். எட்டுப் பல்லுக்கு 4, நாற்பதுக்கு 20, இரண்டும் சேர்ந்தால் 24. கட்டையில் துளைகளுக்கு இடையே உள்ள தூரம் 8 மில்லிமீட்டர். ஆக, மூன்று துளை தள்ளி அச்சைச் செருகினால் பற்கள் கச்சிதமாகக் கடித்துக்கொள்ளும். தறி மெக்கானிக்கான என் வீட்டுக்காரர் விளையாட்டுச் சாமானை மதித்துப் பார்த்தது அந்தக் கணக்கைக் காட்டியபோதுதான்.

திருகுச் சக்கரத்துக்கு ஒரு குணம்: அது மற்றதைச் சுற்றும், தன்னைச் சுற்றவிடாது. மோட்டாரை நிறுத்தினால் ராட்டினம் அப்படியே பூட்டிக்கொள்ளும். நல்லதுதானே என்று நினைத்தேன். சுண்டல் வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பையன் கையால் சுற்றிப் பார்த்தான். சுற்றவில்லை என்றதும் இன்னும் பலமாகச் சுற்றினான். கூட்டல் குறி வடிவ அச்சு முறுக்குக் கம்பி போலத் திருகிக்கொண்டது.

இதற்கு விடை கிடைத்தது ஆடி மாதத்தில். கோட்டை மாரியம்மன் திருவிழாவை ஒட்டி நடக்கும் பொருட்காட்சியில் ராட்டினத்தை ஏற முடியாத வயதில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சில் எந்தப் பற்சக்கரமும் இல்லை. விளிம்பைச் சுற்றிப் போன பட்டைதான் இழுத்தது. எங்காவது சிக்கினால் என்ன ஆகும் என்று ராட்டினக்காரரிடம் கேட்டேன். “பட்டை வழுக்கும் அம்மா, சக்கரம் நிற்கும், வேறொன்றும் ஆகாது” என்றார். வழுக்குவதற்கென்றே ஓர் இடம் வேண்டும்! வீட்டுக்கு வந்து டப்பாவைக் கவிழ்த்தேன். வெள்ளை நிறத்தில் ஒரு 24 பல் சக்கரம் உண்டு. அளவுக்கு மீறிய விசை வந்தால் அதன் நடுப்பகுதி மட்டும் வழுக்கும். எதற்கென்று தெரியாமல் மூன்று ஆண்டு ஒதுக்கி வைத்திருந்தேன். திருகுச் சக்கரத்துக்கு எதிரே அதைப் போட்ட பிறகு எத்தனை பையன்கள் வந்தும் அச்சு முறியவில்லை. டிக் டிக் என்று சத்தம் மட்டும் வரும்.

அந்த ராட்டினக்காரரிடம் கற்ற இன்னொன்று, ஆளை எதிரெதிர்த் தொட்டில்களில் ஏற்றுவது. ஒரு பக்கம் கனத்தால் அது இறங்கும்போது சக்கரம் பாயும், ஏறும்போது திணறும். என் ராட்டினமும் அப்படித்தான் குதித்துக் குதித்துச் சுற்றியது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் பன்னிரண்டு தொட்டில்களையும் பொம்மைகளோடு கொண்டுபோனேன். வெள்ளி நிறுக்கும் தராசில் வைத்தால் குண்டு போலீஸ்காரருக்கும் பூக்காரிக்கும் இரண்டு கிராம் வித்தியாசம். எடை பார்த்து எதிரெதிரே ஜோடி சேர்த்ததும் குதிப்பு நின்றது. அண்ணன் கூலி கேட்கவில்லை; அன்றைக்கு வாங்கிப்போன தட்டுவடை செட்டோடு கணக்கு முடிந்தது.

மின்கலத்தில் ஒரு சிறு லாபம். மோட்டாருக்கு மின்சாரம் தரும் பெட்டிக்கு ஆறு மின்கலங்கள். சாதாரணமானவை ஒன்றுக்கு 1.5 வோல்ட் என்று மொத்தம் 9. மறுபடி மின்னேற்றக் கூடியவை 1.2 என்பதால் 7.2-தான் வரும். வேகம் இன்னும் தணிந்து, பார்க்க இன்னும் அழகாக இருக்கிறது. இடையில் ஒரு மலிவு நகல் மோட்டார் வாங்கினேன். பெயர் வேண்டாம். மூன்றாம் நாள் பாட்டுக்கு நடுவே ஊளையிட்டு அடங்கியது.

கட்டைகளில் இதுவரை உடைந்தது எதுவும் இல்லை. கட்டையோடு கட்டை பிடித்துக்கொள்ளும் இந்த முறைக்கு லெகோ காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1958-ல். அக்காலக் கட்டையும் இன்றையதும் பொருந்தும் என்பதால் அக்கா மகளின் பழைய டப்பாவும் என்னுடையதோடு கலந்துவிட்டது. உண்மையான எதிரி இந்த ஊர்த் தறிப் பஞ்சு. நூல்தூசு அச்சில் சுற்றிக்கொண்டு பிரேக் போலப் பிடிக்கும். ஒரு முறை தறிக்கு விடும் எண்ணெய் விட்டுப் பார்த்தோம். இரண்டே நாளில் தூசும் எண்ணெயும் குழைந்து களிம்பாகிவிட்டது. பூங்கா மண்ணையும் பக்கத்தில் விடக் கூடாது. இப்போது கொலு முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, வெதுவெதுப்பான நீரில் அலசி நிழலில் உலர்த்துகிறேன். வெந்நீரும் வெயிலும் ஆகாது. மோட்டாரை நனைக்கவே கூடாது.

வாங்குவது பற்றி: 2015-ல் வந்த லெகோ ராட்டினத்தில் 2,464 துண்டுகள், 2018-ன் ரோலர் கோஸ்டரில் 4,124, இரண்டுக்கும் மோட்டார் தனி. 2022-ல் வந்த, வண்டி தலைகீழாகச் சுற்றும் வளையக் கோஸ்டர் 92 சென்டிமீட்டர் உயரம், எந்தக் கொலுப் படிக்கும் கீழே நிற்காது. என்னைக் கேட்டால் உதிரிக் கட்டைகளும் ஒரு நல்ல மோட்டாரும் நிறையப் பற்சக்கரங்களும் போதும்.

நானே ஒரு ரோலர் கோஸ்டர் செய்து பார்த்தேன். ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அதில் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை. சங்கிலி வண்டியை உச்சிக்கு ஏற்றும். அதற்குப் பிறகு அந்த உயரம் கொடுத்த சக்திதான் முழு முதலும். இறக்கத்தில் அது வீணாவதில்லை, வளைவில்தான் சக்கரம் தண்டவாளத்தில் உரசி உரசிச் செலவாகிறது. நான்காவது வளைவில் வண்டி நின்றுவிட்டது. நான்கு கிலோ புத்தகத்தை அடியில் வைத்து உயர்த்தியும் ஆறைத் தாண்டவில்லை. தண்டவாளம் பரணில் இருக்கிறது. அதன் சங்கிலியைக் கழற்றி, இந்த ஆண்டு குதிரைகள் கட்டிய குடை ராட்டினத்தில் போட்டிருக்கிறேன்.