பாளையில ஒரு மாடித்தோட்ட கிளப், நாலு பட்டத்துக்கு நாலு வகுப்பு: போன அனுபவம்

போன வைகாசில ஆரம்பிச்சு இந்தத் தை வரைக்கும் பாளையங்கோட்டைல ஒரு மாடித்தோட்ட கிளப் நடத்துற நாலு வகுப்புக்கும் ஒண்ணு விடாம போயிட்டு வந்தாச்சு. கிளப் பேரு போடல, ஏன்னா பாராட்டவும் போறேன் திட்டவும் போறேன், பாளை பெருமாள்புரம் பக்கம் தட்டட்டில, அதான் மொட்டை மாடில, நாலு தொட்டி வச்சிருக்கவங்களுக்கு எதுன்னு தானா வெளங்கிரும்.

காசு விசயத்த மொதல்ல சொல்லிருதேன். நாலு வகுப்புக்கும் சேர்த்து கட்டுனா 800 ரூபா, ஒரு நாள் மட்டும் வந்தா 250. நான் ரெண்டு நாள் போய்ப் பாத்துட்டு கட்டுவோம்னுதான் இருந்தேன், எங்க மதினிதான் "ஒரு நாள் போயிட்டு வந்தா ஒண்ணும் வெளங்காது, மொத்தமா கட்டு"ன்னாவ, அது எவ்ளோ சரின்னு கடைசில தைல போய்த்தான் புரிஞ்சுது, அத பின்னாடி சொல்றேன்.

வைகாசி வகுப்பு மண் கலவை. செம்மண் ஒரு பங்கு, ஆத்து மணல் ஒரு பங்கு, மக்குன தொழு உரம் ஒரு பங்கு, மணல் கிடைக்கலன்னா தென்னை நார்க்கழிவு. இதெல்லாம் எந்த வீடியோ பாத்தாலும் சொல்லுவான். ஆனா அங்க எங்க எல்லாரையும் கைய விட்டு கலக்க வச்சு, ஒரு பிடி எடுத்து அமுக்கச் சொல்லி, கைய விரிச்சா உருண்டையா நிக்கணும் விரலால தட்டுனா உதிரணும்னு காட்டினாவ, அது வீடியோல வராது. என்னோட உருண்டை கொழுக்கட்டை மாதிரி நின்னுச்சு, "இன்னும் மணல் போடுங்கக்கா"ன்னு பக்கத்துல நின்ன தம்பி சிரிக்கான். அன்னைக்கே ஆளுக்கு நாலு சிறுகிழங்கு குடுத்து, ஒரு அகலமான தொட்டில புதைச்சு வைங்க, கொடி வந்ததும் ஆடிக்கு வெட்டிக் கொண்டு வாங்கன்னு வீட்டுப்பாடம் வேற.

திட்டு இங்கதான் ஆரம்பிக்கி. வாசல்ல ஒருத்தர் அஞ்சு கிலோ நார்க்கழிவு கட்டி வித்தார், கிளப்காரங்களே வாங்கச் சொன்னதால நானும் ரெண்டு வாங்கி ஊறப்போட்டு அப்படியே பைல நிரப்பி தக்காளி நாத்து வச்சேன். பத்து நாள்ல எலை ஓரமெல்லாம் கருகி போச்சு. அப்புறம் விசாரிச்சா, கழுவாத நார்க்கழிவுல உப்பு நிக்குமாம், ரெண்டு மூணு தடவை ஊறவச்சு அந்த காப்பித்தண்ணி கலர் போற வரைக்கும் பிழிஞ்சு கொட்டணுமாம். எங்க தெரு போர் தண்ணியே உப்பு, அதுலயே ஊறப்போட்டா என்ன ஆகும், உப்புக்கு மேல உப்பு. இத விக்கும்போதே ஒரு வாய் சொல்லிருந்தா இருபது நாத்து பொழைச்சிருக்கும். இப்பல்லாம் தாமிரபரணி குழாய்த்தண்ணி வர்ற அன்னைக்குத்தான் கழுவுறது.

ஆடி வகுப்புதான் எனக்கு நாலுலயும் ஒசத்தி, அதுலயே மோசமான ஒரு மணி நேரமும் அன்னைக்குத்தான். காலைல வெளியூர்ல இருந்து ஒருத்தர கூப்டு வந்திருந்தாவ, லேப்டாப் வச்சு படம் படமா ஓட்டினார், ப்ராக்கோலி, லெட்யூஸ், கலர் கலரா குடமிளகாய், நல்லா பேசுறார் இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா நம்ம ஊரு சித்திரை வெயில்ல ப்ராக்கோலி எங்கன வைக்க? ஆடிப்பட்டம் தேடி விதைன்னு வேற நாலு தடவை சொன்னார். சரிதான். ஆனா ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொன்னதும் நம்ம பெரியாளுகதான. அந்த மாசத்துல மழை குற்றாலத்துக்கு, காத்து மட்டும் நமக்கு. பணகுடி ராதாபுரம் பக்கம் கரண்டு எடுக்குற காத்தாடி சும்மாவா நட்டு வச்சிருக்கான்? ரெண்டாவது மாடி தட்டட்டில ஆடில நாத்து வச்சா மறுநாள் பக்கத்து வீட்டு மாடிலதான் போய் பொறுக்கணும். இதக் கேட்டதுக்கு அவர் "ஷேட் நெட் போடுங்க"ன்னார். போன வருசம் எங்க ஷேட் நெட்டே மூணாவது வீட்டு வேப்பமரத்துல தொங்குச்சுங்கய்யா!

மத்தியானம் கடையம் பக்கத்துல இருந்து ஒரு ஆச்சி வந்தாவ. படமும் கிடையாது மைக்கும் கிடையாது, ஒரு சாக்க விரிச்சு உக்காந்துட்டாவ. காத்துக்கு பதில் அவங்ககிட்டதான் இருந்துச்சு, உயரமா வளர்றத எல்லாம் கைப்பிடிச்சுவர ஒட்டி மேக்கால வைங்க, காத்து மேக்க இருந்து வரும், செவுரு மறைச்சுக்கும், படர்றத நடுவுல விடுங்கன்னு ஒரே வரில முடிச்சிட்டாவ. அப்புறம் நாங்க கொண்டு போன சிறுகிழங்கு கொடிய எடுத்து நுனில இருந்து ஒரு சாண் விடக் கொஞ்சம் கம்மியா கிள்ளி நடச் சொன்னாவ. நான் கருவேப்பிலை குச்சி நடுற மாதிரி நட்டமா குத்தினேன். "ஏட்டி, அத ஏன் நிக்க வைக்க, படுக்கப் போடு, தலை மட்டும் வெளிய எட்டிப் பாக்கணும்"னு என் கையப் புடிச்சே படுக்க வச்சு மேல ரெண்டு விரக்கடை மண்ண தள்ளினாவ. படுக்கப் போட்டாத்தான் ஒவ்வொரு கணுவுலயும் வேர் எறங்குமாம், கணுவுக்கு கணு கிழங்காம். அந்த ஒரு நிமிசத்துக்கே 800 ரூபா சரியா போச்சு.

கிளம்பும்போது இன்னொரு வீட்டுப்பாடம், இப்ப வேப்பம்பழம் உதிருத நேரம், மரத்தடில கெடக்கத பொறுக்கி சதைய கழுவி நெழல்ல காய வச்சு முத்த எடுத்து வைங்க, தைக்கு வேணும்னு. பாளை முழுக்க வேப்பமரந்தான, காலைல நடக்கப் போகும்போ நானும் பிள்ளையும் ஒரு பையோட போனோம், பாத்தவங்க கோட்டி புடிச்சிருச்சான்னு நெனச்சிருப்பாங்க.

புரட்டாசி வகுப்பு மழைக்கு முன்னாடி என்ன செய்யணும்னு. பேச்சே கம்மி, கிளப் ஆளு ஒருத்தரோட வீட்டு மாடிக்கே கூட்டிட்டுப் போயிட்டாவ. நமக்கு மழைன்னா ஐப்பசி கார்த்திகைதான, வடகிழக்கு பருவத்துல பெய்றதுதான் வருசத்துக்கே. பைய நேரா தளத்துல வைக்காம செங்கல் மேல தூக்கி வைக்கணும், அடில ஓட்டை அடைச்சிருக்கான்னு ஒரு கம்பிய விட்டு குத்திப் பாக்கணும், விதை போடுற மண்ணுல டிரைக்கோடெர்மா விரிடின்னு ஒரு நல்ல பூஞ்சைய கலக்கணும் இல்லன்னா ஈரத்துல நாத்து அடியோட அழுகி சாஞ்சிரும். சிறுகிழங்குக்கு அப்ப நாப்பத்தஞ்சு நாள் ஆயிருந்துச்சு, களை எடுத்து மண் அணைக்கச் சொன்னாவ.

அங்க ஒரு கொத்தனார் அண்ணாச்சி பேசினதுதான் எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. நனைஞ்ச மண்ணு காஞ்ச மண்ண விட எவ்ளோ கனம்னு ரெண்டு பைய தூக்கிப் பாக்க வச்சார், பெரிய தொட்டியெல்லாம் தளத்து நடுவுல வைக்காதீங்க, கீழ செவுரு போற எடத்துக்கு மேல வைங்கன்னார். அப்புறம் தண்ணி போற குழாய் வாய்க்கு ஒரு சல்லடை போட்டீங்களான்னு கேட்டார். யாரும் கை தூக்கல. எனக்கு 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் வந்துருச்சு, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செண்டிமீட்டர் கொட்டுச்சே அந்த மழை. ஊரே தண்ணில நிக்கும்போ எங்க வீட்ல மட்டும் மேல இருந்து தண்ணி, ஏன்னா பைல இருந்த நார்க்கழிவு கரைஞ்சு வந்து குழாய அடைச்சு தட்டட்டில முழங்கால் அளவு நின்னுருச்சு, ராத்திரி எங்க வீட்டுக்காரர் டார்ச்ச வாயில கவ்விகிட்டு கைய விட்டு அள்ளினார். ஒரு சல்லடை நாப்பது ரூபா. வகுப்பு முடிஞ்சு நேரா கடைக்குத்தான் போனேன்.

தை வகுப்பு பூச்சி. அங்கதான் அந்த 250 ரூபா ஆளுகள பாத்து பாவமா இருந்துச்சு. ஆடில பொறுக்கின வேப்பமுத்த ஆளாளுக்கு பையில கொண்டு வந்திருக்கோம், ஒரு லிட்டர் தண்ணிக்கு முத்துக்குள்ள இருக்க பருப்பு 50 கிராம், இடிச்சு துணில கட்டி ராத்திரி ஊறவச்சு மறுநாள் வடிச்சு கொஞ்சம் காதி சோப்பு கரைசல் சேர்த்து சாயங்காலமா அடிக்கணும். முத்து ரொம்ப பழசா இருந்தா வீரியம் இருக்காது, ஆடில எடுத்தது தைக்கு சரியா இருக்கும்னாவ. அன்னைக்கு மட்டும் வந்தவங்க கைய கட்டிட்டு வேடிக்கை பாத்தாங்க, முத்தும் இல்ல, எதுக்கு ஆடின்னு கதையும் தெரியாது. 250 வாங்குறவங்க இத டிக்கெட்லயே எழுதிப் போடணும்.

அன்னைக்கு நான் கொண்டு போனது ஒரு கத்திரி எலை, மேல புகைபோக்கி கரி மாதிரி கருப்பா படிஞ்சிருக்கும், நான் பூஞ்சைன்னு மருந்து மருந்தா அடிச்சிட்டு இருந்தேன். வேளாண்மை படிச்சு ரிட்டயர் ஆன ஒரு சார் எலைய பாத்துட்டு செடிய பத்தி ஒண்ணும் கேக்கல, "உங்க மாடிக்கு மேல தென்னை சாஞ்சிருக்காம்மா?"ன்னார். இருக்கு, பக்கத்து வீட்டு தென்னை! அதுல சுருள் வெள்ளை ஈ, 2016ல பொள்ளாச்சி பக்கம் மொதல்ல பாத்தாங்களே அதேதான், அது விடுற தேன் மாதிரி பிசுபிசுப்பு கீழ எலைல விழுந்து அதுமேல கரும்பூஞ்சை புடிக்குமாம். லிட்டருக்கு 25 கிராம் மைதா கஞ்சி காச்சி அடிங்க, காஞ்சா கரி பொருக்கு பொருக்கா உதிரும், மஞ்சள் அட்டைல விளக்கெண்ணெய் தடவி தொங்க விடுங்க, கடுமையான மருந்து மட்டும் வேண்டாம், அந்த ஈய திங்குற சின்ன குளவி ஒண்ணு இருக்கு அதுவும் செத்துரும்னார். மைதா அடிச்சேன், நெஜமாவே தோசைக்கல்லு பொருக்கு மாதிரி உதிருது.

மத்த குறை எல்லாம் வெரசா சொல்லிருதேன். பத்து மணின்னா பதினொண்ணேகால். ஆடி வகுப்புக்கு மொதல்ல ஆனித்தேரோட்டத்து அன்னைக்கு தேதி போட்டாவ, நெல்லையப்பர் தேர விட்டுட்டு எவன் வருவான், அப்புறம் மாத்தினாவ. பொம்பளைகளுக்கு பாத்ரூம் சரியில்ல, ஒண்ணுதான் இருக்கு, அதுக்கும் தாழ்ப்பாள் இல்ல. வாட்ஸப் குரூப்ல தோட்டத்த விட குட் மார்னிங் பூ படந்தான் நெறைய பூக்கி. குடுத்த பஞ்சகவ்யா (சாணம், கோமியம் எல்லாம் புளிக்க வச்ச கரைசல்) பாட்டில மூடி இறுக்கி ஸ்கூட்டி சீட்டுக்கடில வச்சு வெயில்ல விட்டேன், வண்ணார்பேட்டை சிக்னல்ல டப்புன்னு ஒரு சத்தம், ரெண்டு வாரம் அந்த வண்டில யாரும் பின்னாடி உக்காரல. மூடிய லூசா வைங்கன்னு அவங்க சொல்லிருக்கணும், சொல்லல. சுக்கு காப்பியும் சுண்டலும் மட்டும் எல்லா தடவையும் நேரத்துக்கு வந்துச்சு, நல்லா இருந்துச்சு.

ஸ்டார் போடச் சொன்னா அஞ்சுக்கு நாலு. மொத்தமா கட்டுங்க, வைகாசிலயே சேருங்க, காலைல வெளியூர் ஆள் பேச்சுன்னு போட்டிருந்தா சாப்பிட்டுட்டு மத்தியானமா போங்க.

சிறுகிழங்கு என்னாச்சுன்னு கேப்பீங்க. ஆறு பைல மூணு கிலோ சொச்சம், பொங்கலுக்கு முந்துன நாள் கவுத்தோம். எங்க அத்தை சாக்குல போட்டு கட்டி தரைல ரெண்டு தட்டு தட்டி அப்படியே உருட்டி தேச்சாவ, தோலெல்லாம் கழண்டு வெள்ளையா வந்துச்சு, பொரியல் வச்சோம். வைகாசிக்கு விதைக்குன்னு ஒரு கைப்பிடி மணல் சட்டில பொதைச்சு வச்சிருக்கேன், அத்தை அத நேத்தும் எட்டிப் பாத்துட்டு "ஒரு நேரத்து வெஞ்சனத்துக்கு ஆகும்ளா"ங்காவ, சட்டிய பரண்ல ஏத்திட்டேன்.