பழைய ஃபியட்டுக்கு என்ஜின்: பிளாக்கை மீட்பதா, கழற்றிய என்ஜினை வாங்குவதா?

ஃபியட் என்றே பலரும் அழைக்கும் பிரீமியர் பத்மினியை வாங்கி மீட்டெடுக்கிறவர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்தே தீருவார்கள். தகரம் தட்டி, பெயின்ட் அடித்து, சீட் தைத்துக் கையிலிருந்த பணம் கரைந்த பிறகுதான் என்ஜின் நீலப் புகை கக்கும். நெடுங்காலம் நின்ற வண்டியென்றால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது இருப்பவை இரண்டு வழிகள். என்ஜினை இறக்கி லேத் பட்டறைக்கு அனுப்பி, பிளாக்கை (சிலிண்டர்கள் அமைந்த என்ஜினின் உடல்) ரீபோர் செய்து, அதாவது சிலிண்டர் சுவரைக் கடைந்து விட்டத்தைச் சற்றே கூட்டி, மறுபடி கட்டலாம். இல்லையென்றால் வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய என்ஜினை வாங்கி அப்படியே மாட்டலாம். எண்பதுகளில் பிறந்த என் பத்மினிக்கு நான் முதல் வழியை எடுத்தேன். ஆகவே இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் எதிர்த்தரப்பின் வாதத்தை மறைக்கவும் மாட்டேன்.

செலவையும் நேரத்தையும் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டிலும் கழற்றிய என்ஜினுக்கே வெற்றி. பேரம் பேசி, வேனில் ஏற்றிக் கொண்டுவந்தால் இரண்டு மூன்று நாளில் வண்டி ஓடும். ரீபோர் வேலையில் பிஸ்டன் செட் கிடைக்கக் காத்திருப்பது, லேத்காரரின் வரிசையில் காத்திருப்பது, கிராங்க் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) கிரைண்டிங் முடியக் காத்திருப்பது என்று மாதங்கள் போகும். எனக்கு ஆன மொத்தச் செலவில் கழற்றிய என்ஜின்கள் இரண்டை வாங்கி மூலையில் போட்டிருக்கலாம். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

விவாதம் தொடங்கும் இடம், அந்தக் குறைந்த விலைக்கு என்ன கிடைக்கிறது என்பது. பத்மினியின் உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. ஸ்விஃப்ட்டுக்கோ ஐ20-க்கோ என்ஜின் தேடினால், விபத்தில் நொறுங்கிய மூன்று வயது வண்டியிலிருந்து கழற்றியது அகப்படலாம். பத்மினிக்கு அந்த அதிர்ஷ்டமே கிடையாது. சந்தையில் இருக்கும் மிக இளைய என்ஜினும் கிழடுதான். மும்பையின் கருப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு சாலையை விட்டுப் போயின. அவற்றின் என்ஜின் சந்தைக்கு வந்தாலும் நம்பிவிட முடியாது. அந்த டாக்சிகளில் பெரும்பாலானவை சி.என்.ஜி.யில் ஓடியவை. எரிவாயு வறண்ட எரிபொருள். வால்வுக்கும் வால்வு சீட்டுக்கும் தேய்மானம் அதிகம். போதாதற்கு டாக்சி என்ஜின் வாழ்நாளில் எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியது என்று மீட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. நம் வண்டியிலிருக்கும் கிழட்டு என்ஜினின் நோயாவது நமக்குத் தெரியும். அதைக் கொடுத்து, நோயென்னவென்று தெரியாத வேறொரு கிழட்டு என்ஜினை வாங்குகிறோம்.

சோதித்து வாங்கலாமே என்பீர்கள். வண்டியில் இருக்கும்போதே ஓட்டிப் பார்த்து, பிறகு கழற்ற வைத்தால் சோதிக்கலாம். எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு, கம்ப்ரஷன் கேஜை ஒவ்வொரு சிலிண்டராக வைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். நான்கு சிலிண்டரின் அளவும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில் கோளாறு. ஆனால் சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ பழைய சாமான் கடை வாசலில் கிடக்கும் என்ஜினுக்கு பேட்டரியும் இருக்காது, ஸ்டார்ட்டரும் இருக்காது. கையால் சுற்றிப் பார்க்கலாம். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே மோர் போலத் திரிந்திருக்கிறதா, அதாவது தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கலாம். ஹெட் (பிளாக்கின் மேல்மூடி) போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா, அதாவது முன்பே திறந்திருக்கிறார்களா என்றும் பார்க்கலாம். அதற்குமேல் விற்பவரின் வாய்ச்சொல்தான் உத்தரவாதம்.

இத்தனையும் சேர்ந்துகூட என்னை ரீபோர் பக்கம் தள்ளியிருக்காது. நல்ல மெக்கானிக் ஒருவர் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் கழற்றிய என்ஜின் பல வருஷம் உழைக்கும்; உழைத்ததைப் பார்த்திருக்கிறேன். என்னை முடிவெடுக்க வைத்தது என்ஜின் எண்.

தனியார் காரின் பதிவு முதலில் பதினைந்து ஆண்டுக்குத்தான். அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பதினைந்து ஆண்டைத் தாண்டிய கார்களுக்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. கட்டணம்கூடப் பெரிதல்ல. புதுப்பிக்கும்போது வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அங்கே ஆய்வாளர் ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஒப்பிடுவார். பத்மினி வைத்திருக்கிறவருக்கு இது வாழ்நாளில் ஒருமுறை வரும் சடங்கு அல்ல, ஐந்தாண்டுக்கு ஒருமுறை எழுத வேண்டிய தேர்வு. இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் அதே எண்தான் இருக்கிறது. விபத்து நடந்து இழப்பீடு கேட்கும்போது எண் ஒத்துப்போகவில்லையென்றால், மறுக்கக் காரணத்தை நாமே எழுதிக் கொடுத்தது போலாகும்.

சட்டம் வேறு என்ஜின் மாட்டவே கூடாது என்று சொல்லவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களோடு ஆர்.சி. முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் இதை அழுத்திச் சொன்னது. அதே தயாரிப்பு, அதே வகை என்ஜின் என்றால் பதிவு அதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி மாட்டலாம். புதிய எண் ஆர்.சி.யில் ஏறும். இந்த ‘முன்கூட்டியே’ என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். வண்டியை ஓட விட்டுவிட்டு அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அனுமதி கேட்டால் அந்த என்ஜின் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். வாங்கிய ரசீது எங்கே? எந்த வண்டியிலிருந்து கழற்றியது? அந்த வண்டியின் பதிவு ரத்தாகிவிட்டதா? பழைய சாமான் கடைகளில் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் சிரிப்பார்கள், ஒன்பதாமவர் கோபப்படுவார். திருட்டு வண்டியின் என்ஜினாக இருந்தால் சிக்கல் அவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்.

பழைய எண்ணைத் தேய்த்துவிட்டு உங்கள் எண்ணையே பொறித்துத் தருகிறேன் என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பக்கம் போகவே வேண்டாம். அது குற்றம். தேய்த்தாலும் அடியில் அழுந்திய உலோகத்தில் பழைய எண்ணின் வடு இருக்கும். தடயவியல் நிபுணர்கள் அமிலம் பூசி அதை வெளியே கொண்டுவந்துவிடுவார்கள்.

விற்கும்போதும் இந்த எண்தான் பேசும். பழைய வண்டி தேடுகிறவர்கள் இப்போது பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் ஆர்.சி.யையும் பிளாக்கையும் பார்க்கிறார்கள். எண் பொருந்திய வண்டியின் சொந்தக்காரர் தன் விலையில் நிற்கலாம். பொருந்தாத வண்டியின் சொந்தக்காரர் விளக்கம் சொல்லியே களைத்துப்போவார். பத்மினி என்றைக்காவது பழம்பெரும் வண்டி (விண்டேஜ்) என்ற தகுதிக்குப் போகும் என்று கனவு காண்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். 2021-இல் வந்த விதிப்படி அதற்கு ஐம்பது வயது தாண்ட வேண்டும், வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். எண்பதுகளின் வண்டிக்கு அது இன்னும் தூரம். ஆனால் இன்று தூக்கிப் போட்ட பிளாக்கை அன்று தேடினால் கிடைக்காது.

இந்தச் சிக்கலுக்கு உள்ளேயே ஒரு வழி இருக்கிறது. எண் பொறித்திருப்பது பிளாக்கில். ஹெட்டிலோ கிராங்கிலோ கனெக்டிங் ராடிலோ அந்த எண் இல்லை. ஆகவே கழற்றிய என்ஜின் ஒன்றை வாங்கி, அதன் உள்ளுறுப்புகளை உங்கள் பிளாக்கில் போடலாம். நான் செய்தது ஏறக்குறைய இதுதான். என் கிராங்கை அளந்து பார்த்தபோது அதை இன்னொரு முறை கிரைண்டிங் செய்ய இடமில்லை. ரசீதோடு கிடைத்த ஒரு பழைய என்ஜினிலிருந்து கிராங்கை எடுத்து, கீறல் பார்த்து, என் பிளாக்கில் ஏற்றினோம். “பிளாக்கை மட்டும் விட்டுவிடாதீங்க தம்பி, மத்ததெல்லாம் கடையில் கிடைக்கும்” என்று லேத்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

ரீபோர் என்றதும் பிளாக் ஒருமுறைதான் தாங்கும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பத்மினி பிளாக் வார்ப்பிரும்பு. சிலிண்டர் விட்டம் 68 மி.மீ., ஸ்ட்ரோக் 75 மி.மீ.; நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1089 சி.சி. விட்டத்தை ஒரு மி.மீ. கூட்டினாலும் 1122 சி.சி.தான் ஆகும், ஓட்டும்போது தெரியப் போவதில்லை. முந்தைய ரீபோர்களில் இடம் தீர்ந்திருந்தால் ஸ்லீவ் (சிலிண்டருக்குள் பொருத்தும் உலோக உறை) இறக்கி மறுபடி 68-க்கே கொண்டுவரலாம். பிளாக்கில் விரிசல் இல்லாதவரை அது சாகாது.

ஆனால் லேத் பட்டறையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். பம்ப், மோட்டார் தொழிலில் வளர்ந்த கோவை போன்ற ஊரில் நல்ல கை கிடைப்பது எளிது. எங்கே போனாலும் பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, அதை அளந்து அதற்கேற்றபடிதான் போர் செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். பெட்டியில் அச்சடித்த அளவை நம்பிப் போர் செய்துவிட்டு, பிறகு வந்த பிஸ்டனை உள்ளே தட்டிப் பார்க்கும் பட்டறைக்கு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி ஒரு மி.மீ.யின் நூறில் சில பங்குதான். கண்ணால் பிடிபடும் அளவு அல்ல அது. ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே என்று டயல் கேஜ் வைத்து அளந்து காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவர் அளக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

திறந்த என்ஜினில் இன்னொரு லாபமும் உண்டு. பத்மினி ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து வண்டி. வால்வு சீட்டுக்கு அந்த ஈயம்தான் மெத்தை. இந்தியாவில் 2000 பிப்ரவரியோடு அது போய்விட்டது. இப்போது பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். ஹெட்டைக் கழற்றியிருக்கும்போதே கடினமான சீட் போட்டுவிடலாம். எத்தனால் தின்றுவிடும் பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரத்தையும் மாற்றிவிடலாம். வாங்கி மாட்டிய என்ஜினில் இதைச் செய்ய வேண்டுமென்றால் அதையும் திறக்கத்தான் வேண்டும். திறந்தபின் நேரமும் மிச்சமில்லை, பணமும் மிச்சமில்லை.

பத்மினிக்காரர்களைச் சபலப்படுத்தும் மூன்றாவது வழி, அதே பிரீமியரின் பிற்காலக் காரான 118 என்.இ.யின் நிசான் என்ஜினை இதில் ஏற்றுவது. 1171 சி.சி., ஓட்டத்தில் கலகலப்பு. வேலை சுத்தமாகச் செய்யப்பட்ட வண்டியில் பயணித்தபோது எனக்கும் ஆசை வந்தது. ஆனால் அது அதே வகை என்ஜின் அல்ல, 52-ஆவது பிரிவுக்கு நேர் எதிரே போய் நிற்கிறது. டீசல் பத்மினி பற்றி என் கை அனுபவம் மிகக் குறைவு, அதனால் இந்த வாதத்தை அதற்கு நீட்டமாட்டேன். கம்ப்யூட்டர் வைத்த இக்காலக் கார்களுக்கும் அப்படியே. அங்கே குறைந்த ஓட்டமுள்ள என்ஜின் ரசீதோடு கிடைத்தால், நானே வாங்கி மாட்டத்தான் சொல்வேன்.

பத்மினியிலும் ஒரு நிலையில் கழற்றிய என்ஜினைத் தவிர வழியில்லை. கனெக்டிங் ராட் உடைந்து பிளாக்கின் பக்கவாட்டில் ஓட்டை போட்டிருந்தாலோ, தண்ணீர்ப் பாதையில் விரிசல் ஓடியிருந்தாலோ அந்த பிளாக் முடிந்தது. அப்போது கடையில் தனி என்ஜின் தேடுவதைவிட, ஓடாமல் நிற்கும் பத்மினி ஒன்றை ஆர்.சி.யோடு முழுதாக வாங்குவது மேல். சொந்தக்காரர் கையெழுத்து, விற்பனை ரசீது, அந்த வண்டியின் பதிவை ரத்து செய்த கடிதம் மூன்றும் கைக்கு வந்தபின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். அனுமதி எழுத்தில் வரும்வரை அந்த என்ஜின் பட்டறை மூலையில் தார்ப்பாய்க்கு அடியிலேயே இருக்கட்டும்.