ஹார்த்ஸ்டோனில் வேகமான டெக்: சில வருடம் ஆடிப் பார்த்ததில்

ஹார்த்ஸ்டோன் 2014இல் வந்த, இணையத்தில் இருவர் மோதும் அட்டை விளையாட்டு. எதிராளியின் ஹீரோவுக்கு உயிர் தீர்ந்தால் நமக்கு வெற்றி. நான் பிந்தித்தான் தொடங்கினேன். இந்தச் சில வருடத்தில் அதிகம் ஆடியது ஹண்டர் என்ற கிளாஸ் (ஹீரோ வகை), அதுவும் எதிராளியின் ஹீரோவை நேரே அடித்து முடிக்கிற வேகமான டெக், அதாவது அட்டைக் கட்டு. யாழ்ப்பாணத்தில் புதிதாகத் தொடங்கும் பெடியள் கேட்டாலும் இதையே ஆடச் சொல்கிறேன்.

செலவு குறைவு. மிக அரிய வகையான லெஜண்டரி அட்டை ஒன்று செய்ய 1600 டஸ்ட் (அட்டை செய்ய விளையாட்டுக்குள் செலவழிப்பது) போகும். சாதாரண வகையான காமன் அட்டைக்கு 40 போதும். டெக்கே மொத்தம் 30 அட்டைதான், இதில் பெரும்பாலும் காமன். அட்டைப் பாக் வாங்கக் கையில் கிரெடிட் கார்ட் இல்லாத மாணவனுக்கு இது பெரிய உதவி. நேரமும் மிச்சம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது போன் சார்ஜை மிச்சம் பிடித்து ஆட இந்த டெக்தான் சரிவந்தது. தன் முறை வரும்போது ஒருவர் 75 வினாடி வரை யோசிக்கலாம் என்பதால், நிதானமான இரண்டு டெக் மோதினால் ஆட்டம் இழுபட்டுக்கொண்டே போகும். இதில் ஆறேழு முறைக்குள் முடிவு தெரிந்துவிடும்.

தொடக்கத்தில் கையில் வரும் அட்டைகளில் ஒன்று, இரண்டு மானா மினியன்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுங்கள். (மானா என்பது அட்டை போடச் செலவாகும் சக்தி, மினியன் என்பது மேசையில் இறக்கிச் சண்டையிட விடும் அட்டை.) 5 மானா அட்டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி, மாற்றுங்கள். இரண்டாவதாக ஆடுபவருக்கு அந்த முறைக்கு மட்டும் 1 மானா கூட்டித் தரும் காயின் என்ற அட்டை கிடைக்கும்; அதைப் போட்டு முதல் முறையிலேயே 2 மானா மினியனை இறக்கினால் அந்த முந்தல் கடைசிவரை உதவும்.

ஆனால் வேகம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பது இல்லை. 304 என்ற சீட்டாட்டம் விளையாடும்போது விழுந்த காட்ஸை எப்படி மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருப்போமோ, அப்படி எதிராளியின் 30 உயிரையும் எண்ண வேண்டும். சித்தியின் மகன் ஒருநாள் ஆடியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எதிராளிக்கு 7 உயிர், முன்னால் 3 உயிருள்ள டோண்ட் மினியன் (நம் மினியன்கள் முதலில் இதைத்தான் அடிக்க வேண்டும்) ஒன்று. இவனிடம் 5 மானா, மேசையில் 3 அடி அடிக்கிற மிருகம் ஒன்று, கையில் கில் கமாண்ட் என்ற 3 மானா அடி அட்டை. "அண்ணா, முதல் டோண்டை உடைப்பம்" என்று மிருகத்தை இழுக்கப் போனான். உடைத்தால் மிருகமும் சேர்ந்து சாகும். மிருகம் இல்லாவிட்டால் கில் கமாண்ட் 3 அடிதான், இருந்தால் 5. ஹண்டரின் ஹீரோ பவர், அதாவது 2 மானாவுக்கு முறைக்கொருதரம் அடிக்கும் திறன், 2. இரண்டும் டோண்டைத் தாண்டி நேரே ஹீரோவில் படும். 5உம் 2உம் 7. மினியனைத் தொடவே வேண்டாம், ஆட்டம் முடிந்தது. புதியவர்கள் தோற்கிற ஆட்டங்களில் பாதி இப்படி, வெற்றி கையில் இருப்பது தெரியாமல் போகிறவைதான் என்று எனக்குத் தோன்றும்.

எப்போது மினியனோடு மோதுவது? நான் வெல்ல மூன்று முறை வேண்டும், அவனுக்கு இரண்டு போதும் என்றால் மோதித்தான் ஆக வேண்டும். நான் முந்துகிறேன் என்றால் ஹீரோவையே அடிப்பேன். அப்புறம், கையில் உள்ள சின்ன மினியன் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். பாலடின் என்ற கிளாஸின் கான்சிகிரேஷன் அட்டை எதிரிகள் எல்லாருக்கும் 2 அடி கொடுக்கும், மேசை வெறுமையாகிவிடும். இரண்டு மினியனாவது கையில் இருக்கட்டும்.

வாரியர் கிளாஸ்தான் இந்த டெக்குக்குச் சங்கடம். 2 மானாவுக்கு 2 ஆர்மர் (உயிருக்கு மேல் சேரும் கவசம்) என்று ஒவ்வொரு முறையும் ஏற்றிக்கொண்டே போவான். 30ஐ எண்ணிய கணக்கு சரிவராது. தொடக்கத்திலேயே ஆழமாக அடிக்காவிட்டால் வெல்வது கஷ்டம். உங்கள் ரேங்கில் வாரியர் அடிக்கடி வந்தால் கொஞ்ச நாள் வேறு டெக் ஆடுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, புதிய அட்டைகளை மட்டும் வைத்து ஆடும் ஸ்டாண்டர்ட் பிரிவில் இருந்து பழைய அட்டைகள் போய்விடும். அப்போது இந்த டெக்கில் இழப்பது பெரும்பாலும் காமன் அட்டைகளைத்தான். அதுவரை சேர்த்த டஸ்டைத் தொடாமல் வைத்திருந்தால், எந்த கிளாஸ் உங்களுக்குப் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு முதல் லெஜண்டரியைச் செய்யலாம்.